பொருந்தாத பதிவுகள்

மாசி பிறந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை என் மனைவி பழனி அடிவாரத்தில் காணாமல் போனாள்.

தைப்பூசக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்துதான் கொடைக்கானலிலிருந்து இறங்கியிருந்தோம். மலைக்கு ஏற்றிச் செல்லும் விஞ்ச் டிக்கெட் வரிசையில் நான் நின்றேன். எதிரே செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்து நிழலில் அவளை உட்கார வைத்திருந்தேன். வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தபோதெல்லாம் இருந்தாள். ஒரு முறை கையைக்கூட அசைத்தாள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்தபோது அந்த இடத்தில் வெளியூர்க் குடும்பம் ஒன்று புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"இங்க ஒரு அம்மா இருந்தாங்களே?"

"நாங்க வர்றப்ப யாரும் இல்லீங்களே. எடம் காலியாத்தான் கெடந்துச்சு."

அவளுக்கு மறதி நோய். முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். பிறகு எங்கள் தெருவை. பிறகு, சில நாட்களில், என்னை. பஸ்ஸில் எழுதிய ஊர்ப் பேரைப் படிக்கத் தெரியும், எந்த ஊருக்குப் போகிறோம் என்பது நினைவில் நிற்காது. கையில் பணம் கொடுப்பதில்லை. கைப்பேசியை வைத்துக்கொள்ள மாட்டாள், அது யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது என்று எடுத்து மேஜையில் வைத்துவிடுவாள்.

அடிவாரத்தில் என் மைத்துனன், அதாவது அவளுடைய தம்பி, பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறான். அவன் கடையை அப்படியே மனைவி கையில் விட்டுவிட்டு என்னோடு ஓடி வந்தான். புகார் எழுதிக் கொடுத்தோம். ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கேமராவில் தேடிப் பார்த்தார்கள். மெரூன் புடவை கட்டிய ஒருத்தி சன்னதி வீதிப் பக்கம் நடந்து கூட்டத்துக்குள் போகிறாள். அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. அவள் நடந்த விதம்தான் என்னை வதைத்தது. வழி தவறியவள்போல் இல்லை. ஏதோ சோலியாகப் போகிறவள்போல் நேராக நடந்தாள்.

அன்று சாயங்காலம் மைத்துனன் அவள் படத்தையும் என் நம்பரையும் கடைக்காரர்கள் குழுவிலும் ஆட்டோக்காரர்கள் குழுவிலும் போட்டான். மறுநாள் விடிவதற்குள் என் போன் உதவாததாகிவிட்டது. ஜோசியம் பார்ப்பவர்கள் கூப்பிட்டார்கள். பணம் அனுப்பினால்தான் இடத்தைச் சொல்வேன் என்றான் ஒருவன். எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு அழுதாள். அவள் அப்பா காணாமல் போய் வெகுநாள் ஆகிறதாம். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியதாம். இத்தனைக்கும் நடுவே உண்மையான ஒரு அழைப்பு வந்து, எடுக்க முடியாமல் போயிருக்குமோ என்ற பயம் எனக்கு.

அப்போதுதான் இணையப் பக்கம் ஒன்று செய்யும் எண்ணம் வந்தது.

எனக்குக் கம்ப்யூட்டர் மொழி எதுவும் தெரியாது. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பது, தேதி போட்டுக் குறித்து வைப்பது, இவை இரண்டும்தான் என் பழக்கம். மழை எந்தத் தேதியில் எவ்வளவு, புல்லின்மேல் உறைபனி எந்தெந்தக் காலைகளில், காட்டெருமை எங்கள் தெருவுக்கு எப்போது வந்தது, எல்லாம் என்னிடம் இருக்கும். ஏ.ஐ. கருவிகள் வந்தபிறகு நாம் சொல்வதைக் கேட்டு அவையே பக்கம் செய்து தருகின்றன என்று கேள்விப்பட்டு, தயங்கித் தயங்கி ஒரு நாள் தமிழில் எழுதினேன்: தேதி, மழை, பனி மூன்றையும் பதிய ஒரு பக்கம் வேண்டும், மாதவாரியாகப் படம் போட்டுக் காட்ட வேண்டும். காபி ஆறுவதற்குள் வந்துவிட்டது. நான் சொன்னதை இவ்வளவு சரியாகக் கேட்டுக்கொண்டவர்கள் என் வாழ்க்கையில் குறைவு. அதற்குப் பிறகு மனைவிக்கும் ஒன்று செய்தேன். பெரிய எழுத்தில், இன்று என்ன கிழமை, சாப்பாடு ஆயிற்றா, மாத்திரை போட்டாயிற்றா என்று காட்டும். அவள் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், இது யாருக்கு?" என்று கேட்டாள்.

புதன்கிழமை காலை மைத்துனன் கடையின் பின்பக்கம், டப்பாக்கள் அடுக்கியிருந்த இடத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

"மச்சான், ஊரெல்லாம் சுத்துறத விட்டுட்டு இங்க உக்காந்து என்ன தட்டிக்கிட்டிருக்கீங்க?"

"நாம ரெண்டு பேரு எத்தன எடம் மாப்ள பாக்க முடியும்? அடிவாரத்துல இருக்குற அத்தன பேரு கண்ணும் நமக்கு வேணும். பாத்தவங்க எடத்தையும் நேரத்தையும் இதுல போடட்டும். போட்டோ இருந்தா போடட்டும். மேப்புல புள்ளியா வரும். எந்தத் திசையில போறான்னு தெரிஞ்சிரும்."

அவனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ வாங்கி வந்து வைத்தான்.

அவள் படம், வயது, உயரம், புடவை நிறம், பேசும் விதம் எல்லாவற்றையும் எழுதினேன். எந்தப் படத்தைப் போடுவது என்பதில் மட்டும் கொஞ்ச நேரம் போயிற்று. பொங்கலன்று வீட்டு வாசலில் எடுத்ததைத் தேர்ந்தெடுத்தேன். நரைத்த சடை தோளுக்கு முன்னால் விழுந்து இடுப்பு வரை தொங்கும். இந்த வயதில் அவ்வளவு முடி யாருக்கு இருக்கிறது? அதுவே நல்ல அடையாளம் என்று நினைத்தேன்.

பக்கம் தயாரானது. மைத்துனன் அதன் லிங்க்கைக் குழுக்களில் அனுப்பிவிட்டு, ஊரெல்லாம் சுவரில் ஒட்ட அதன் க்யூஆர் கோடு அச்சடிக்க ஆளை அனுப்பினான். நான் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதற்குள் மூன்று பதிவுகள் இருந்தன.

ஒன்று, சண்முக நதிப் பாலம் அருகே, மெரூன் புடவை அணிந்த முதிய பெண்மணி தனியாக அமர்ந்திருக்கிறார், சோர்வாகத் தெரிகிறார். இன்னொன்று, ரயில் நிலையத்தில் தண்ணீர் கேட்டார். மூன்றாவது, பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் பேருந்தை விசாரித்தார்.

மைத்துனன் பைக்கை எடுத்தான். பின்னால் உட்கார்ந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். சண்முக நதியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அப்படி ஒருத்தியைப் பார்க்கவில்லை. பாலத்துக்குக் கீழே இறங்கி, நாணல் புதருக்குள்ளும் பார்த்தோம். மைத்துனன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். எதற்கு இறங்குகிறான் என்று நான் கேட்கவில்லை. பிறகு ரயில் நிலையம். பிறகு பேருந்து நிலையம், அங்கே ஒவ்வொரு கண்டக்டரிடமும். மதிய வெயிலில் கால் வீங்கி, சாம்பார் சாதப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் உட்கார்ந்தபோதுதான் அந்தப் பதிவுகளின் நேரத்தைப் பார்த்தேன்.

முதல் பதிவில் செவ்வாய் காலை ஏழு மணி என்று இருந்தது. அந்த நேரத்தில் அவள் என் பக்கத்தில், பெருமாள்மலையைத் தாண்டிய பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கருவியிடம் கேட்டேன். உடனே பதில் வந்தது. மன்னிக்கவும், பக்கம் எப்படித் தோன்றும் என்று காட்டுவதற்காக மாதிரிப் பதிவுகள் சிலவற்றைச் சேர்த்திருந்தேன், அவற்றை நீக்கிவிடட்டுமா என்றது. நல்ல தமிழ். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

மைத்துனன் எட்டிப் பார்த்தான். அவன் வேட்டி இன்னும் காயவில்லை.

"அப்ப அது பொய் சொல்லியிருக்கா?"

"பொய்யின்னு இல்ல மாப்ள. மாதிரிக்குப் போட்டிருக்கு."

"ரெண்டுக்கும் என்ன மச்சான் வித்தியாசம்?"

சோர்வாகத் தெரிகிறார் என்ற அந்த வார்த்தைதான் மனதை அறுத்தது. யாரும் பார்க்காத ஒரு சோர்வுக்காக நான் ஆற்றங்கரையில் நின்று அழுதிருந்தேன்.

மாதிரிகளை நீக்கச் சொன்னேன். அதற்குள் உண்மையான மனிதர்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள். அது இன்னொரு விதமான கொடுமை. முருகன் துணை என்று பலர் எழுதினார்கள். வயதான எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் படம் எடுத்துப் போட்டார்கள். சிவப்புப் புடவை, பச்சைப் புடவை, ஊன்றுகோல், ஒரு பதிவில் ஆண் சாமியார். ஒவ்வொன்றுக்கும் மைத்துனன் பைக்கை எடுத்தான். சாயங்காலம் ஆனபோது அவன் கண் சிவந்து, பேச்சு குறைந்திருந்தது. இனி ஒரு தடவைகூட வீணாக ஓட மாட்டோம் என்று நான் முடிவு செய்தேன். கருவிக்கு எழுதினேன்: அடையாளம் பொருந்தாத பதிவுகளைக் காட்ட வேண்டாம். வயது அறுபதுக்கு மேல், மெரூன் புடவை, இடுப்பு வரை நரைத்த சடை.

அது ஒரு கேள்வி கேட்டது. எல்லா அடையாளங்களும் பொருந்த வேண்டுமா, பெரும்பாலானவை பொருந்தினால் போதுமா?

எல்லாம், என்று எழுதினேன்.

பக்கம் அமைதியாயிற்று. அன்று ராத்திரி முழுவதும் ஒரு பதிவும் வரவில்லை. மைத்துனன் வீட்டுக் கூடத்தில் படுத்தபடி அந்த வெற்றுப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தேன். மேப்பில் ஒரு புள்ளி இல்லை. அவள் எங்குமே இல்லை என்பதுபோல் இருந்தது. மார்கழிக் குளிரில்கூட வியர்க்கும் அவளுக்கு. இந்தச் சமவெளி வெக்கையில் எங்கே படுத்திருப்பாள், யார் பக்கத்தில் படுத்திருப்பாள் என்று யோசிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே யோசித்தேன்.

வியாழக்கிழமை மதியம் மைத்துனன் மனைவி வற்புறுத்தி இலை போட்டாள். நான் போனைப் பார்த்துக்கொண்டே பிசைந்தேன்.

"அண்ணே, அத கொஞ்ச நேரம் கவுத்து வச்சுட்டுச் சாப்பிடுங்க. மதினி அதுக்குள்ளயா இருக்காங்க?"

"சடைய வச்சே அடையாளம் சொல்லிறலாம்னு நெனச்சேன் தாயி. ஒருத்தர் கண்ணுலயும் படலையே."

அவள் ரசக் கரண்டியை அப்படியே நிறுத்தினாள்.

"அண்ணே, மதினி மொட்ட போட்டிருந்தா?"

நானும் மைத்துனனும் அவளைப் பார்த்தோம்.

"பழனிக்கு வர்ற சனம் முடி எறக்கத்தான வருது. நாம பழனில நின்னுக்கிட்டுச் சடையத் தேடிக்கிட்டிருக்கோம்."

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நான் மல்லிகைப்பூ வாங்கி நீட்டியது அப்போது நினைவுக்கு வந்தது. அவள் வாங்கவில்லை. "இன்னைக்கு எதுக்குப் பூ" என்றாள். நான் அதை மறதியின் கணக்கில் சேர்த்துவிட்டு, பூவை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இப்போது மைத்துனன் மெதுவாகச் சொன்னான்: "எனக்கு நெஞ்சுல ஆபரேஷன் நடந்தப்ப அக்கா வேண்டிக்கிச்சு மச்சான். முடி குடுக்குறேன்னு. வருசக்கணக்கா ஆச்சு. நீங்க வேண்டாம்பீங்கன்னு உங்ககிட்ட சொல்லல. நானே மறந்துட்டேன்."

பாலை மறந்தவள், தெருவை மறந்தவள், அதை மறக்கவில்லை. கேமராவில் நேராக நடந்து போனாளே, அது முடி இறக்கும் கொட்டகைக்கு.

எச்சில் கையோடு, இடது கையால் கருவிக்கு எழுதினேன்: மறைத்த பதிவுகள் எல்லாவற்றையும் காட்டு. நீளமான பட்டியல் வந்தது. மொட்டைத் தலைப் பெண்களைப் பற்றிய பதிவுகள் பல. பழனியில் அதற்கா குறைவு. அவற்றில் ஒரே நம்பரிலிருந்து வந்தவை இரண்டு. முதலாவது புதன்கிழமை சாயங்காலம் வந்தது: ஆயக்குடி ரோட்டில் எங்க கொய்யாக் கடையில ஒரு அம்மா இருக்காங்க. மெரூன் சேலை. மொட்டை போட்டிருக்காங்க. கொடைக்கானல் போகணும்னு சொல்றாங்க. போட்டோல இருக்குறது இவங்களான்னு தெரியல, வந்து பாருங்க. இரண்டாவது வியாழக்கிழமை காலை வந்தது: ஏன் யாரும் பதில் சொல்லல? இவங்க சாப்பிட மாட்டேங்குறாங்க.

இரண்டின் கீழேயும் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி. பொருந்தவில்லை.

அந்த நம்பரைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். நான் யார் என்று சொன்னேன்.

"வாங்க, வந்து பேசிக்கிறலாம்" என்று வைத்துவிட்டார்.

ஆட்டோவில் போனோம். சாலையோரம் தார்ப்பாய்ப் பந்தல், கூடைகளில் கொய்யா. கடைக்காரம்மாவுக்கு என் வயது இருக்கும். தராசைக் கீழே வைக்காமலே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க மருமக ரெண்டு தடவ எழுதிப் போட்டா. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. என்னத்துக்குய்யா ஊரெல்லாம் ஒட்டி வச்சிருக்கீங்க? சொவத்துக்கு அழகா இருக்கட்டும்னா?"

"தப்பா அமைச்சுட்டேம்மா. நீங்க எழுதுனது என் கண்ணுக்கு வராம பண்ணிப்புட்டேன்."

"ஸ்டேசன்ல விடலாம்னா, போட்டோல அம்புட்டு நீளச் சடை, இங்க மொட்ட. இதுவா அதுன்னு எனக்கே ரோசனை. இன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள யாரும் வரலன்னா கூட்டிட்டுப் போயிருப்பேன்." பிறகு குரல் தணிந்தது. "நேத்து ராத்திரி எங்க வீட்லதான் படுத்தாங்க, அதுக்கு முந்துன ராத்திரி எங்க கெடந்தாங்களோ. பயப்படல. தூக்கத்துல யாரையோ சாப்பிடக் கூப்புட்டாங்க."

பந்தலுக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒரு துண்டு. துண்டுக்குக் கீழே காய்ந்து வெடித்த சந்தனம். காது இவ்வளவு பெரிதா என்று தோன்றியது எனக்கு. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலையின் வடிவத்தை நான் பார்த்ததில்லை. கால் விரலில் ஒரு காயத்துக்கு மஞ்சள் வைத்திருந்தார்கள். தம்பியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா? ஒடம்பு எப்படிடா இருக்கு?"

"நல்லாயிருக்கேன்க்கா." அவன் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். கொய்யா வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அழாதடா. குடுத்தாச்சு. முருகன் பாத்துக்குவான்."

நான் அவள் முன்னால் போய் நின்றேன். என்னை நிமிர்ந்து பார்த்து, கடைக்கு வந்தவர் என்று நினைத்து, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, "ஒக்காருங்க" என்றாள்.

மைத்துனன் தன் வீட்டில் தங்கச் சொன்னான். அவள் கொடைக்கானல், கொடைக்கானல் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு, சாயங்காலத்துக்கு முன்னே உள்ள வண்டியில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. மைத்துனனால் கூட வர முடியவில்லை, இரண்டு நாள் அலைச்சலில் அவனுக்கு மூச்சு வாங்கியது. கொய்யாக் கடைக்காரம்மா பேருந்து நிலையம் வரை எங்களோடு வந்தார். முன் பின் தெரியாத என்னோடு அவள் ஏற மறுத்தபோது அவர்தான் சொன்னார்: "இந்த ஐயாவும் அங்கதான் போறாராம். நல்ல மனுசன். ஏறு தாயி." அந்த நல்ல மனுசன் என்ற சொல்லை அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்காரப் போனேன். அவள் சட்டென்று தலையிலிருந்த துண்டை உருவி, அந்தக் காலி இடத்தில் விரித்தாள். மொட்டைத் தலை வெயிலில் மின்னியது. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆளு வருது" என்றாள் என்னிடம்.

வண்டி நிரம்பியது. இரண்டு பேர் அந்த இடத்தைக் கேட்டு வந்து, அவள் சொன்னதைக் கேட்டுப் போனார்கள். கண்டக்டர் வந்தார்.

"யாருக்கும்மா எடம் போட்டு வச்சிருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"எங்க அவரு? வண்டி எடுக்கப் போறோம்."

"வருவாரு. எங்கயாச்சும் நின்னு என்னத்தையாவது எழுதிக்கிட்டிருப்பாரு. வெரசா வர்ற ஆளு இல்ல."

கண்டக்டர் சிரித்தார். பிறகு, இரண்டு டிக்கெட்டுக்குப் பணத்தை நீட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்.

நான் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. முதல் வளைவில் துண்டு சரிந்து கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி, உதறி, சுருக்கமில்லாமல் மறுபடியும் அந்த இடத்தில் விரித்தாள்.